பூஜ்யத்துக்கு ஒரு புத்தகம்

குளச்சலில் மீன் இறங்கும் கரையில்
கூடை எண்ணுவது என் வேலை.
நாலு வள்ளத்துக்கு ஒன்றைப் பொறுக்கி
சாளை எவ்வளவு, அயிலை எவ்வளவு, நெத்தோலி எவ்வளவு என்று
மாதக் கடைசியில் ஒரு தாளை மேலே அனுப்புவேன்.
மேலே யார் இருக்கிறார்கள், தெரியாது.
தாள் திரும்பி வந்ததில்லை.

படிக்க வேண்டும் என்று தோன்றியது ஓர் ஆடி மாதம்.
கூட்டல் பெருக்கல் அல்ல, அது வரும்.
நோட்டில் பூஜ்யங்கள் பெருகிக்கொண்டே போயின.
கடலுக்குப் போய் வெறும் மடியோடு வந்தால் பூஜ்யம்.
காற்று கடுத்து வள்ளமே இறங்காவிட்டால், அதுவும்.
பூசைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கும்.
காய்ச்சலில் நான் கரைக்கே வராத
அந்தச் செவ்வாய்க்கும்.
எல்லாவற்றையும் கூட்டி நாளால் வகுத்தால்
சராசரி என்று ஒன்று வருகிறது.
அதை யாரோ நம்பவும் செய்கிறார்கள்.

சனிக்கிழமை, வடசேரி,
தாசையன் பழைய புத்தகக் கடை.
“ஸ்டாட்டிஸ்டிக்ஸா? எந்தப் பரீட்சைக்கு?”
“மீனுக்கு.”
அவர் மேலே கேட்கவில்லை. அலமாரியைக் காட்டினார்.

முதல் புத்தகம் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.
அதில் எல்லா நாணயமும் யோக்கியம்.
பைக்குள் சிவப்புப் பந்து, நீலப் பந்து;
ஒரு பந்தாவது
கை விட்டபோது இல்லாமல் போனதாக இல்லை.

அடுத்தது வழவழத்த தாள், நிறநிறமாய் வட்டங்கள்.
எண்கள் எந்த ஊரிலிருந்து வந்தன,
எண்ணியவர் யார், அன்று மழையா,
தேடித் தேடிப் பார்த்தேன்.
எண்களுக்குத் தாய் தகப்பன் இல்லை.

‘ஆராய்ச்சி முறைகள்’ என்று ஒன்று.
ஆய்வாளருக்கு வேண்டிய குணங்கள் பதினொன்று,
நேர்மை ஏழாவது இடத்தில்.
யாரோ மனப்பாடம் செய்து
பென்சிலால் டிக் போட்டிருந்தார்கள்,
ஏழைத் தவிர.

பிறகு நான் முன்பக்கம் திறப்பதை விட்டேன்.
கடைசிப் பக்க அகராதியில் மட்டும் பார்த்தேன்:
விடுபட்டவை, கிடைக்காதவை, வெற்றிடம்.
இல்லையென்றால் மூடி வை. அடுத்தது.
ஒன்றே கால் மணி நேரம். கையெல்லாம் தூசி.

சமையல் குறிப்புக்கும் ஜாதக பலனுக்கும் நடுவே கிடந்தது அது.
அட்டை இல்லை. நர்சிங் கல்லூரி ஒன்றின் மங்கிய முத்திரை.
உள்ளே ஒட்டிய துண்டுச் சீட்டு:
பக்கம் 88, ஐந்தாம் வரி பிழை.
பக்கம் 141, நான் தவறாக நினைத்திருந்தேன்.

நினைத்திருந்தேன் என்று எழுதிய ஒரு மனுசர்!

இங்கிலீஷ்தான், பாதி புரிந்தது.
ஒரு வார்டு, காய்ச்சல் பார்த்த அட்டவணை,
நடுவில் காலிக் கட்டம்.
அவர் கேட்கிறார்: நோயாளி இல்லையா,
தெர்மாமீட்டர் இல்லையா, இல்லை நீ இல்லையா?
கடைக்குள் நின்று சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.

“எழுபது தாங்க. பெருசு வேணும்னா வெயிட்டுக்குத் தாறேன்.”
வேண்டாம் என்றேன்.

திங்கள்சந்தை தாண்டும்போது பஸ்ஸில்
எனக்கு முன்னால் எண்ணியவரின் நோட்டு ஞாபகம் வந்தது.
புயல் வந்த அந்த நவம்பர்க் கடைசி.
படகு: அலங்கார மாதா. ஆள்: பதினொன்று.
பாடு: ஒரு கோடு.
மறுநாளும் கோடு. பதினேழு நாள் கோடு.
பதினெட்டாம் நாள் பெயரே இல்லை.
அதையும் கூட்டித்தான் வகுத்திருப்பார்கள்.
புத்தகத்தைப் புரட்டினேன். அதற்குப் பக்கம் இல்லை.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அவர் வார்டில் கடல் இல்லை.

திங்கள் விடிகாலை நாலரை.
மிக்கேல் பிச்சை வலையை உதறிக்கொண்டு வந்தார்.
“எழுது பிள்ள, பாடு இல்ல.”
போனார், வந்தார், இல்லை என்று எழுதினேன்.
தாளில் அதற்கு இடம் கிடையாது.
ஓரத்தில், குறுக்கே, சின்ன எழுத்தில்.